செய்வா-என் ஜப்பானியத் தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: செயின்ட் லூயிஸ் போகிறோம். மிசௌரி தாவரவியல் பூங்காவின் ஜப்பானியத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

பதில்: போதாது. செய்வா-என் 14 ஏக்கர், அதில் ஏரி மட்டுமே 4 ஏக்கர். கோய்ச்சி கவானா வடிவமைத்து 1977-இல் திறந்த தோட்டம். ஏரியைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டியது. எங்கே நின்றாலும் முழுதும் கண்ணில் படாது. இரண்டு மணி நேரம் வையுங்கள்.

கேள்வி: அந்தத் தோட்டத்தின் பலகைப் பாலம் ஏன் வளைந்து வளைந்து போகிறது?

பதில்: நடையைத் தளர்த்தத்தான். திருப்பத்தில் காலடியைப் பார்த்து நிற்பீர்கள், நிமிர்ந்தால் காட்சி மாறியிருக்கும். ஜூனில் ஐரிஸ் பூக்கும்போது போங்கள்.

கேள்வி: ஜப்பானியத் தோட்டங்களில் போல வீட்டில் சரளைக்கல் பரப்பி, வாரியால் வரி இழுத்தேன். வரி நிற்கவே இல்லை, கல் உருண்டு சரிகிறது.

பதில்: நீங்கள் வாங்கியது ஆற்றுக் கூழாங்கல்லாக இருக்கும். உருண்டைக் கல்லில் வரி நிற்காது. உடைத்த கருங்கல் சில்லு, 3 முதல் 8 மில்லிமீட்டர் அளவில் வாங்குங்கள்; முனை முனையோடு கோத்துக்கொள்ளும். தூசியை அலசி, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். கனம் குறைந்தால் வாரியின் பல் கல்லுக்கு அடியில் விரித்த துணியைக் கிளறிவிடும். முதலில் சருகைப் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். பாறையைச் சுற்றி வட்டத்தை முடித்துவிட்டு, நேர்வரிகளைப் பின்னோக்கி நடந்தபடி இழுங்கள். இல்லையென்றால் உங்கள் காலடியே மிஞ்சும்.

கேள்வி: ஜப்பானியக் கரும்பைன் மரத்தில் ஊசியிலை நீளமாக வளர்ந்து அடர்த்தி போய்விட்டது. எப்போது வெட்டுவது?

பதில்: வசந்தத் தளிர் நீண்டு, புது ஊசிகள் விரியும் கோடைத் தொடக்கத்தில் அந்தத் தளிரை அடியோடு நறுக்குங்கள். அதே இடத்தில் இரண்டாம் தளிர் வரும், ஊசி குட்டையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள்: வலுவற்றதை முதலில், வலுத்ததை ஏழு முதல் பத்து நாள் கழித்து. அப்போதுதான் மரம் முழுதும் சமமாகத் தளிர்க்கும். நோஞ்சான் மரத்தையும் புதிதாக நட்டதையும் அந்த ஆண்டு தொடவே கூடாது. ஒரு கொத்தில் ஐந்து ஊசி வரும் பைன் வகைக்கு இந்த முறை ஆகாது. அது பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறைதான் தளிர்க்கும். தளிரை நுனியில் கிள்ளினால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் வெட்டிப் பல நல்ல மரங்கள் மொட்டையாகின்றன.

கேள்வி: குளத்தில் வளர்க்கும் கொய் (வண்ணக் கெண்டை) மீனுக்குக் குளிர்காலத்திலும் தீனி போடலாமா?

பதில்: தண்ணீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். குளிரில் செரிமானம் மந்தமாகிவிடும், மீந்த தீனி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.