செவ்வாய் வெறும் ஆரஞ்சுப் பொட்டாகத் தெரிகிறதா? 2027 பிப்ரவரிக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என்னிடம் 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி இருக்கிறது. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள். வியாழனின் பட்டைகளும் சனியின் வளையமும் நன்றாகவே தெரிகின்றன. செவ்வாய் மட்டும் கூசும் ஆரஞ்சுப் பொட்டாகவே இருக்கிறது. கரும்பகுதிகளையும் துருவப் பனியையும் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் 150 மி.மீ. போதும். பெரும்பாலும் நீங்கள் பார்த்த தேதியும் நேரமும்தான் தவறாக இருந்திருக்கும்.

செவ்வாயின் விட்டம் ஏறத்தாழ 6,790 கி.மீ., பூமியில் பாதிதான். சூரியனுக்கு அப்பால் இருக்கும் மாதங்களில் அது 4 வில்விநாடிக்கும் குறைவான வட்டமாகச் சுருங்கிவிடும் (ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள்). அப்போது எந்தக் கருவியை வைத்துப் பார்த்தாலும் பொட்டுதான். சூரியனுக்கு நேரெதிரே வரும் எதிர்நிலையை ஒட்டிய சில வாரங்களில்தான் அது பார்க்கத் தகுந்த அளவுக்கு வளர்கிறது. சராசரியாக 780 நாளுக்கு ஒருமுறை இது நடக்கும். அடுத்தது 2027 பிப்ரவரி 19. அன்று செவ்வாய் சிம்ம ராசியில் மகம் விண்மீனுக்கு அருகே, சுமார் 10.1 கோடி கி.மீ. தூரத்தில், 13.8 வில்விநாடி அகலத்தில் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம் உங்களுக்குப் பயன்படும்.

13.8 என்பது பெரிய அளவல்ல. செவ்வாயின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் எதிர்நிலைகள் எல்லாம் ஒன்றுபோல் அமைவதில்லை. 2003 ஆகஸ்டில் 25.1 வில்விநாடியை எட்டியது. இனி 2035 செப்டம்பரில்தான் அதை நெருங்கி 24.6 ஆகும். ஆனால் அப்படி மிக அருகில் வரும் காலம் செவ்வாயின் தென்கோளத்தில் வசந்தமும் கோடையும். புழுதிப் புயல்கள் பெரிதாகக் கிளம்புவதும் அப்போதுதான். 2018இல் 24 வில்விநாடிக்கு மேல் வளர்ந்த செவ்வாயைக் காணக் காத்திருந்தவர்களுக்குக் கோள் முழுவதையும் மூடிய புழுதிதான் கிடைத்தது. செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த, சூரிய மின்பலகையை நம்பியிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியும் அந்தப் புயலில்தான் ஜூன் 10க்குப் பின் மௌனமானது. 2027 எதிர்நிலையோ வடகோள வசந்தத்தின் பிற்பகுதியில் வருகிறது. வட்டம் சிறிது, ஆனால் புழுதித் தொல்லை குறைவு. என் கணிப்பில் இது நல்ல பேரம்.

இப்போது கருவிக்கு வருவோம். 25 மி.மீ. ஐபீஸ் தருவது 48 மடங்கு, 10 மி.மீ. தருவது 120 மடங்கு. 13.8 வில்விநாடி வட்டத்தை 130 மடங்கு பெரிதாக்கினால்தான் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நிலாவின் அளவு வரும். (ஆகஸ்ட் தோறும் சுற்றும் ‘செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்’ என்ற வதந்தி, 2003இல் ‘75 மடங்கு பெருக்கத்தில்’ என்ற சொற்கள் உதிர்ந்துபோனதால் வந்தது.) உங்களுக்குத் தேவை 170 முதல் 200 மடங்கு. 7 அல்லது 6 மி.மீ. ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 10 மி.மீ. ஐபீஸுடன் 2 மடங்கு பார்லோ (பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) சேர்த்தால் 240 மடங்கு வரும். காற்று மிக அமைதியான இரவில் மட்டுமே அது கைகொடுக்கும், மற்ற நாளில் படம் குழம்பிவிடும்.

காற்றுதான் பெரிய எதிரி. எதிர்நிலை நாளில் செவ்வாய் நள்ளிரவு வாக்கில் உச்சத்தைத் தொடும். அடிவானிலிருந்து 40 பாகைக்குக் கீழே இருக்கும்போது பார்க்காதீர்கள். ஒரு விளிம்பு சிவப்பாகவும் மறு விளிம்பு நீலமாகவும் தெரிந்தால், அது தடித்த காற்று ஒளியைப் பிரிப்பதால். பகல் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம், கூரை இவற்றுக்கு மேலாகப் பார்ப்பதும் வேண்டாம், இரவெல்லாம் அவை வெப்பத்தை உமிழும். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். பிறகு மகத்தைப் பார்த்துக் குவியத்தைச் சற்றுக் குலையுங்கள். விரிந்த வட்டத்துக்குள் புகைபோல ஏதோ மெல்ல நெளிந்தால் ஆடி இன்னும் ஆறவில்லை. வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் ஆடிகளின் நேரமைவு பிசகியிருக்கிறது. செவ்வாயில் இந்தப் பிசகு வியாழனைவிடக் கடுமையாகத் தண்டிக்கும், ஏனென்றால் அதன் கரும்பகுதிகளின் நிற வேறுபாடே மங்கல்.

கூசுவதற்கு மருந்து எளிது. இருட்டுக்குப் பழகிய கண் செவ்வாய்க்கு உதவாது. பக்கத்தில் ஒரு வெள்ளை விளக்கு எரியட்டும். 23ஏ எண் வெளிர்சிவப்பு வடிகட்டி கரும்பகுதிகளை எடுத்துக் காட்டும். 25ஆம் எண் சிவப்பு 150 மி.மீ.க்கு இருட்டாகிவிடும். விளிம்பில் மேகம் தேட 80ஏ நீலம் நல்லது.

அடுத்து, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. செவ்வாயின் ஒரு சுழற்சி 24 மணி 37 நிமிடம். ஆகவே இன்று 9 மணிக்கு நடுவில் நின்ற பகுதி நாளை ஏறத்தாழ 9.37க்குத்தான் நடுவுக்கு வரும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்தால் முழுக் கோளும் உங்கள் முன் சுற்றிவர 39 நாளாகும். வெறிச்சோடிய பக்கம் எதிரே இருந்த சில இரவுகளில் பார்த்துவிட்டுத்தான் பலர் கருவியைக் குறை சொல்கிறார்கள். கைபேசியில் உள்ள வானியல் செயலியில் சிர்ட்டிஸ் மேஜர் என்ற கரும்பகுதி நடுவில் வரும் நேரத்தைப் பாருங்கள். 1659இல் வானியலாளர் ஹைகன்ஸ் வரைந்தது இதைத்தான். தாழ்ந்த எரிமலை, கருமையான பசால்ட் (எரிமலைப் பாறை) மண். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலம், அதாவது 2027இல் இரண்டு வில்விநாடிக்கு மேல். உங்கள் ஆடி 0.8 வில்விநாடி வரை பிரித்துக் காட்டும். சிர்ட்டிஸ் மேஜரின் வடகிழக்கு ஓரத்துக்கு அப்பால்தான் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18இல் இறங்கிய ஜெசீரோ பள்ளம். 45 கி.மீ.தான் என்பதால் பள்ளம் தெரியாது, இடத்தைச் சுட்டலாம். ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை, பெரும் பள்ளத்தாக்கு, இரு துணைக்கோள்கள் எதையும் இந்தக் கருவியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நியூட்டன் வகையில் படம் 180 பாகை திரும்பியிருக்கும், வரைபடத்தையும் அப்படியே தலைகீழாகப் பிடியுங்கள். வட துருவம் நம் பக்கம் சாய்ந்திருப்பதால், சுருங்கிவரும் வெண்பனித் தொப்பி இருண்ட பட்டையோடு தெரிய வாய்ப்புண்டு. எதிர்ப்பக்கத்தில், சிர்ட்டிஸ் மேஜருக்குத் தெற்கே, இன்னொரு வெண்மை மின்னினால் அதைத் தென்துருவம் என்று குறித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஹெல்லஸ். 2,300 கி.மீ. அகல வடிநிலம், அந்தப் பருவத்தில் உறைபனியும் மூடுபனியும் படிந்து வெளுத்திருக்கும்.

ஒரே பார்வையில் எதுவும் தெரியாது. இருபது நிமிடம் கண்ணை எடுக்காமல் இருங்கள். காற்று ஓரிரு விநாடி அடங்கும்போது விவரம் பளிச்சென்று வந்து மறையும். 5 செ.மீ. வட்டம் ஒன்றில் முதலில் துருவத் தொப்பி, பிறகு கரும்பகுதிகள் என்று கால் மணிக்குள் வரைந்து முடியுங்கள், அதற்குமேல் கோள் திரும்பிவிடும். நேர்கோடுகள் தெரிந்தால் மட்டும் நம்பாதீர்கள். பார்வையின் எல்லையில் கிடக்கும் புள்ளிகளைக் கண் தானே இணைத்துவிடும். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாப்பரெல்லி கண்ட ‘கால்வாய்கள்’ அப்படி வந்தவை. 1909இல் பாரிஸுக்கு அருகே மியூடனில் 83 செ.மீ. தொலைநோக்கியில் பார்த்த வானியலாளர் ஆண்டோனியாடிக்கு அந்தக் கோடுகள் சிதறிய திட்டுகளாகப் பிரிந்தன.

படம் எடுப்பதானால் காணொளியை நான்கு நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், அதன் தனித்தனிப் படச்சட்டங்களில் (பிரேம்களில்) சிறந்த 10 முதல் 20 சதவீதத்தை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். கூர்மையாக்குவதை மிகைப்படுத்தினால் பிரகாசமான விளிம்புக்கு உட்புறமாக இல்லாத கறுப்பு வளையம் ஒன்று முளைக்கும்.