அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றால் பிள்ளைக்கும் வருமா?

தந்தைக்கும் அப்பம்மாவுக்கும் நீரிழிவு இருந்ததால் தமக்கும் வருமா என்று கிளிநொச்சியிலிருந்து 32 வயதான ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் வரும் என்றில்லை. ஆயினும் பெற்றோரில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 வீதம் என்றும், இருவருக்கும் இருந்தால் 70 வீதத்தை எட்டும் என்றும் கணிக்கப்படுகிறது. மரபணு மட்டும் காரணமன்று; ஒரே பானைச் சோற்றையும் சீனி கூடிய தேநீரையும் வீடே பகிர்கிறது. இடப்பெயர்வில் மூத்தோரை இழந்த வன்னிக் குடும்பங்கள் பலவற்றில் யாருக்கு என்ன வருத்தம் இருந்தது என்று சொல்லவே ஆளில்லை. ஆகவே, அப்பாவின் கிளினிக் கொப்பி கைவசம் இருந்தால், எந்த வயதில் நோய் பிடிபட்டது என்று அதில் பாருங்கள். பிறகு, எட்டு மணி நேர வெறுவயிற்றுக் குருதிப் பரிசோதனை செய்யுங்கள்: ஒரு டெசிலீற்றரில் 126 மில்லிகிராம் குளுக்கோசோ அதற்கு மேலோ இருந்தால், மீள்பரிசோதனையும் அதையே காட்டும்போது நீரிழிவு உறுதியாகும்.