பதில்: குறள் வெண்பாவில் தளை தட்டுவது ஏன்?

வணக்கம். நீங்கள் இட்ட பா:

மழைவந்து நின்றபின் மண்வாசம் வீட்டில்
வந்து நிறைந்தது பார்

எழுத்தெண்ணிப் பார்த்துச் சரியென்று நினைத்திருக்கிறீர்கள். வெண்பாவுக்கு எழுத்துக் கணக்கு உதவாது, அசைதான் கணக்கு. குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றோடோ வந்தால் நேரசை; இரு குறிலோ குறில்-நெடிலோ சேர்ந்தால் (ஒற்றோடு வந்தாலும்) நிரையசை. அசைகள் சேர்ந்தது சீர், ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் முதல் அசையும் பொருந்துவது தளை, பொருந்தாவிட்டால் 'தட்டுகிறது' என்போம். தட்டுவது ஒரே இடம்: முதலடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் சந்து. வீட்/டில் தேமா (நேர் நேர்). மாமுன் (நேரில் முடியும் ஈரசைச் சீருக்கு அடுத்து) நிரை வரவேண்டும், ஆனால் 'வந்' நேர். அடி மாறினாலும் தளை பார்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

'வந்து' என்பதை 'நுழைந்து' ஆக்குங்கள். நுழைந்/து புளிமா (நிரை நேர்), முன்னும் பின்னும் தளை பொருந்தும். மழை–நுழை என எதுகையும் (அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது) கிடைக்கிறது. 'வீட்டில்' என்பதை 'வீட்டினுள்' ஆக்கினாலும் தளை தேறும் (நிரையில் முடியும் ஈரசைச் சீர் விளம்; விளமுன் நேர்), எதுகை வராது. முதல் வழியே மேல்.

இன்னொன்று: 'நின்றபின்' என்பதை நின்/ற/பின் என்று பிரித்திருக்கிறீர்கள். தவறு. குறிலுக்குப் பின் உயிர்மெய் இருந்தால் சேர்த்து நிரையாக்க வேண்டும். சேர ஆளில்லாத குறிலே தனியே நேராகும். ஆக நின்/றபின், கூவிளம் (நேர் நிரை). உங்கள் பிரிப்பில் அது காய் (நேரில் முடியும் மூவசைச் சீர்) ஆகிவிடுகிறது. இங்கே பிழை தெரியாமல் போனதற்குக் காரணம், விளம், காய் இரண்டுமே அடுத்து நேரைத்தான் கேட்கும்.

ஐகாரத்திலும் கவனம் தேவை. சீரின் முதலில் வந்தால் நெடில், மற்ற இடங்களில் குறில். 'வேலையில்லா' என்பதை வே/லை/யில்/லா என்று அலகிட்டால் நாலசை, வெண்பாவில் ஆகாது. வே/லையில்/லா என்றால் கூவிளங்காய் (நேர் நிரை நேர்).

ஈற்றில் 'பார்' நாள் வாய்பாடு (வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய ஓரசை), அதைத் தொடவேண்டாம்.