சாதாரண பென் டிரைவ் போதுமா, என்கிரிப்ஷன் உள்ளது வேண்டுமா?

சாதாரண பென் டிரைவ் யார் கையில் கிடைத்தாலும், செருகியதும் திறந்துவிடும். என்கிரிப்ஷன் உள்ளதில் கோப்புகள் புரியாத குறிகளாக மாற்றியே எழுதப்படும். கடவுச்சொல் இல்லாமல் பழைய உருவத்துக்கு வராது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அது மாதிரி: சுற்றி நிற்பவருக்குக் கை தெரியும், விலை தெரியாது.

திருப்பூரில் எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் கொண்டுபோக சாதாரணதே சரி. மெஷினில் கடவுச்சொல் அடிக்கப் பெரும்பாலும் வழியிருக்காது. ஆடிட்டர் ஆபீசுக்கு பான், வங்கிக் கணக்கு விவரம் போகிறதென்றால் என்கிரிப்ஷன் வேண்டும். அதற்கும் உடனே புதுசு வாங்க வேண்டாம். கணினியில் விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால், அதிலேயே வரும் பிட்லாக்கர் என்ற என்கிரிப்ஷன் வசதியால் கையில் இருக்கிற டிரைவையே பூட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், என்கிரிப்ஷன் இருந்தால் வைரஸ் வராது என்று பலர் நினைக்கிறார்கள். கடவுச்சொல் போட்டுத் திறந்த பிறகு அதிலும் தாராளமாக ஏறும்.