2/3 = 11/12 என்று எழுதும் மகளுக்கு

சமான பின்னங்களுக்கான (ஒரே மதிப்புள்ள பின்னங்கள்) பயிற்சித்தாளில் 2/3 = ?/12 என்ற கணக்குக்கு உங்கள் மகள் 11 என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. 3-உடன் 9 சேர்த்தால் 12, அதனால் 2-உடனும் 9 சேர்த்து 11 என்கிறாள். இதே மாதிரிப் பயிற்சித்தாளை இன்னும் பத்து கொடுத்தாலும் இந்தப் பழக்கம் போகாது.

முதலில் ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்து, இரண்டு பாகத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதையே குறுக்கே நான்காக மடித்து விரித்தால் 12 கட்டங்கள், வண்ணத்தில் 8. அவளே எண்ணட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

பயிற்சித்தாள் அதன் பிறகுதான். அதிலும் கோடிட்ட இடம் நிரப்புவது மட்டும் போதாது. "2/3 = 4/5, சரியா தவறா? படம் வரைந்து காட்டு" என்பது போலத் தவறான ஜோடிகளையும் கலந்து கொடுங்கள். இது நன்றாக வந்த பிறகு 6/8 = ?/12 கொடுங்கள். 8-ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 12 வராது. முதலில் 3/4 ஆகச் சுருக்கினால் 9/12-க்கு எளிதாகப் போகலாம்.