கான்கிரீட் தள விரிசல்: கேள்வி பதில்

கேள்வி: கார் நிறுத்தும் தளத்தில் நீண்ட விரிசல். சிமென்ட் பால் ஊற்றி அடைத்தேன். ஆறே மாதத்தில் அதே இடத்தில் மீண்டும் பிளந்துவிட்டது. ஏன்?

பதில்: கான்கிரீட் அசையும். 10 மீட்டர் நீளத் தளத்தில் 30 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும், ஆறினால் சுருங்கும். அந்த அசைவு முழுவதும் விரிசலில் வந்து சேர்கிறது. இறுகிப்போன சிமென்ட் அதற்கு ஈடுகொடுக்காது. இழுபடக்கூடிய பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். ரப்பர்போல் நெகிழும் அடைப்புப் பசை அது. உதிர்வதைச் சுரண்டி, தூசியை ஊதி, உள்ளே ஈரமில்லாமல் காயவிடுங்கள். பிறகு விரிசலைவிடச் சற்றுப் பருத்த நுரைக் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். கடையில் பேக்கர் ராட் என்பார்கள். சீலன்ட் இரு பக்கச் சுவர்களை மட்டும் பிடிக்க வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபடும்போது கிழிந்துவிடும். 12 மி.மீ. அகலத்துக்கு 6 மி.மீ. ஆழம் போதும். கயிற்றைக் கூரான எதனாலும் குத்தாதீர்கள். கிழிந்த இடத்திலிருந்து காற்று கிளம்பிச் சீலன்டில் குமிழி விழும்.

கேள்வி: குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் மீதமிருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் வகை கான்கிரீட்டின் காரத்தோடு வினைபுரிந்து உரிந்துவிடும்.

கேள்வி: சரிவான தளம். சீலன்ட் வழிந்து ஓடுகிறது.

பதில்: தானே மட்டமாகும் வகையை வாங்கியிருக்கிறீர்கள். வழியாத வகை வேண்டும்.

கேள்வி: காலையில் மழை பெய்தது. மாலையில் பூசலாமா?

பதில்: கூடாது. மேலே காய்ந்திருக்கும், விரிசலுக்குள் காய்ந்திருக்காது.

கேள்வி: நான் 30 ஆண்டு அனுபவமுள்ள மேஸ்திரி. விரிசலை வெட்டி அகலமாக்கிக் கலவை வைத்தால் போதும். சீலன்ட் வீண்செலவு. நான் அடைத்தவை திரும்பப் பிளந்ததில்லை.

பதில்: உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை, ஐயா. அசையாத விரிசலில் கலவை நிற்கும். நீங்கள் தளம் போடும்போதே இணைப்பு வெட்டு, அதாவது குறுக்கே வேண்டுமென்றே ஒரு கீறல், விட்டிருப்பீர்கள். 10 செ.மீ. கனத்துக்கு 3 மீட்டருக்குள் ஒரு வெட்டு இருந்தால் அசைவு அங்கே போய்விடும், விரிசல் அமைதியாக இருக்கும். வெட்டே இல்லாத தளத்தில்தான் இங்கே கேள்வி கேட்பவர்கள் சிக்கியிருக்கிறார்கள். சந்தேகமிருந்தால் விரிசலின் இருபுறமும் ஆணியால் குறியிட்டு, விடியற்காலையிலும் நண்பகலிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். அளவு மாறினால் கலவை நிற்காது.

கேள்வி: மேஸ்திரி சொல்வதுபோல் வெட்டிவிட்டேன். உள்ளே லேசான ஈரம். துணியால் துடைத்துவிட்டுச் சீலன்ட் போடலாமா?

பதில்: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: ஈரத்தில் ஒட்டாது. வெட்டிய தூசியையும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: விரிசலின் ஒரு பக்கம் விரற்கடை அளவு தாழ்ந்திருக்கிறது.

பதில்: அடியில் மண் இறங்கியிருக்கலாம். சீலன்ட் வாங்காதீர்கள். முதலில் தண்ணீர் எங்கே புகுகிறது என்று பொறியாளரை வைத்துப் பாருங்கள்.