நாய்க்குட்டியை எப்போது வெளியே கொண்டுசெல்லலாம்?

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு 9 வாரம் ஆகிறது. முதல் தடுப்பூசி போட்டாயிற்று. எல்லா ஊசிகளும் முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். அப்படி அடைத்து வளர்த்தால் பின்னாளில் மிரளாதா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: உங்கள் கவலை மிகவும் நியாயமானது. புதிய மனிதர்களையும் ஒலிகளையும் குட்டி அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் மங்கிவிடுகிறது. தடுப்பூசிகளோ 16 வாரம் வரை நீள்வதால், அதுவரை காத்திருந்தால் அந்தப் பருவமே கைநழுவிவிடும். ஆகவே வெளியே கொண்டுசெல்லுங்கள், ஆனால் தரையில் விடாதீர்கள். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் அழியாமல் இருக்கக்கூடியது என்பதால், தெருநாய்கள் திரியும் சில்வர் பீச் மணல் இப்போதைக்கு வேண்டாம். கையில் ஏந்தியபடி, பேருந்தின் ஒலிப்பானையும், மீன்கூடை சுமந்து வருபவர்களையும், தலைக்கவசம் அணிந்தவர்களையும் சற்றுத் தொலைவிலிருந்தே காட்டி, அவ்வப்போது சிறு தீனி கொடுங்கள். நடுங்கினாலோ, வாலை ஒடுக்கினாலோ, தீனியை மறுத்தாலோ, போகப்போகப் பழகிவிடும் என்று பிடித்து நிறுத்தாமல் உடனே விலகிச் செல்லுங்கள். அச்சத்தோடு நின்ற குட்டி அச்சத்தையே கற்றுக்கொள்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்ட சாதுவான நாய் உறவினர் வீட்டில் இருந்தால், அங்கே விளையாட விடலாம். வெறிநோய்த் தடுப்பூசியை எப்போது போட வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.